தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

என் தம்பி படுக்கும் மாடி அறைக்குத் தகரக் கதவு. பார்க்க லட்சணமாக இருக்காது. ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் கோணலாகவும் வெட்டிய தகரம். கை கிழியாமல் இருக்க விளிம்பை மடக்கிச் சுத்தியலால் தட்டிய தழும்பு. நடுவில் அரசாங்க அறிவிப்பு ஒன்றைச் சுரண்டி எடுத்த பசைக் கறை. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும், "நல்லதா ஒரு பிளைவுட் கதவு போடக் கூடாதா, கோழிக்கூண்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். போட மாட்டேன். அந்தக் கதவில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருக்கிறது. கதவைச் சாத்தினால் தானே விழுந்து கொக்கியில் உட்காரும். உள்ளே இருப்பவர் ஒரு விரலால் தூக்கினால் திறக்கும். வெளிப்பக்கத்தில் வளையம் கிடையாது, பூட்டு மாட்ட ஓட்டையும் கிடையாது. அறையில் யாரும் இல்லாதபோது காற்றில் சாத்திக்கொண்டால் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தூக்க வேண்டும். அந்தத் தொல்லையோடுதான் இத்தனை வருஷமாக அதை வைத்திருக்கிறோம். அதை வெட்டி, கீல் வைத்து, வெளியே பூட்ட முடியாதபடி வேண்டுமென்றே செய்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் அவர். நேரில் 'சார்' என்போம், முதுகுக்குப் பின்னால் 'சேஃப்டி'. கம்பெனியோடு அவர் தொல்லை முடிந்திருந்தால் பரவாயில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே, எதிர்வரிசையில் குடியிருந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் அந்த வீட்டுக்குத் தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். பட்டாளத்து விறைப்பு மட்டும் குறையாமல் பிள்ளைக்கு வந்து சேர்ந்திருந்தது. தெருமுனைப் பால் பூத்துக்கு மொபெட்டில் போனாலும் தலையில் ஹெல்மெட் இருக்கும், தாடைக்குக் கீழே பட்டை இறுகியிருக்கும். எங்கள் ஊரில் ஹெல்மெட் சட்டம் வரும், ஊர் கொதிக்கும், சட்டம் பதுங்கும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி தலைகாட்டும். சட்டம் இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி ஹெல்மெட்டோடு போய் வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நான் எதிர்க்கட்சி. என் தலையில் என்ன வைப்பது என்று எனக்கு எவனும் சொல்லக் கூடாது என்று அவர் காதுபடவே பேசியிருக்கிறேன், இன்றைக்கும் அந்தக் கருத்தில் பெரிய மாற்றம் இல்லை.

கம்பெனியில் எங்கள் முதல் சண்டை வளையலுக்காக. மூடிகள் பெல்ட்டில் ஓடிவரும், நாங்கள் பொறுக்கி எண்ணிப் பெட்டியில் போடுவோம். பெல்ட்டின் கடைசியில் உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். நான் கை நிறைய கண்ணாடி வளையல் போட்டுப் போவேன். ஒரு நாள் காலையில் அவர் வந்து நான் நின்ற பெல்ட்டை நிறுத்திவிட்டார். வளையலைக் கழற்றினால்தான் ஓடும் என்றார். இது என் கை, நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று நான் கத்த, மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் குரலே உயரவில்லை. "உன் கைதாம்மா. மாட்டிக்கிச்சின்னா நீ கத்துவ. பக்கத்துல இருக்கறவ இழுக்க ஓடியாருவா. அவ கையும் போவும். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மாட்டிக்க" என்றார். பக்கத்தில் இருந்தவள் கைக்குழந்தைக்காரி. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். வளையலைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். சாயங்காலம் அவர் கண்ணெதிரே, கேட்டுக்கு வெளியே ஒரு அடி வைத்ததும், ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படி எத்தனையோ மாதம் செய்தேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. கேட்டுக்கு வெளியே அவருக்கு என் வளையலைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அவர் எங்களை மட்டும் படுத்தினார் என்று நினைத்திருந்தேன். முதலாளியை அதைவிடப் படுத்தினார் என்பது பிறகுதான் தெரிந்தது. பேக்கிங் பிரிவின் பின்பக்கம் அவசர வழி என்று எழுதிய கதவு ஒன்று உண்டு. அதன் வழியாகப் பெட்டிகள் காணாமல் போகின்றன என்று நிர்வாகம் வெளியே பூட்டுப் போட்டது. சாவி வாட்ச்மேனிடம். சேஃப்டி போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். ஆபத்து என்றால் வாட்ச்மேன் உடனே திறப்பான், அதற்குத்தானே சம்பளம் என்றார்களாம். கொஞ்ச நாளில் ஒரு மோட்டாரிலிருந்து பொறி பறந்து அட்டைக் குப்பையில் விழுந்தது. தீ பெரிதாக இல்லை, புகைதான். ஆனால் புகை முன்வாசல் பக்கம் மண்டியது. நாங்கள் எல்லாரும் பின்கதவுக்கு ஓடினோம், அது பூட்டியிருந்தது. வாட்ச்மேன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மேல் தப்பில்லை, அது டீ நேரம். கதவின் மேல் நான் உள்ளங்கையால் அடித்தது, தொண்டையில் பிளாஸ்டிக் கரிந்த கசப்பு இறங்கியது, எல்லாம் இப்போதும் அப்படியே வருகிறது. வெளியே கடப்பாரை இறங்கும் சத்தம் கேட்டது. பூட்டை உடைத்துக்கொண்டு ஹெல்மெட்டும் கையுறையுமாக நின்றவர் சேஃப்டி. அன்றே அந்தக் கதவின் வெளிப்பக்க வளையத்தை அறுத்து எடுத்தார். முதலாளி கேட்டதற்கு, "உள்ள ஆளு இருக்கற எடத்துக்குத் தாழ்ப்பா உள்பக்கம்தான் சார் இருக்கணும். பெட்டி போச்சின்னா கேமரா வைங்க" என்று சொன்னதாகக் கேள்வி. முதலாளி கேமரா வைத்தார்.

கொரோனா வந்த முதல் வருஷம் சேஃப்டிக்குக் கொண்டாட்டம். கொண்டாட்டம் என்று சொன்னால் தப்பாகப் படலாம், ஆனால் அப்படித்தான் எங்களுக்குத் தோன்றியது. ஊரே அவர் வழிக்கு வந்துவிட்டது. பால் பூத்துக்கு முன்னால் சாக்பீஸால் வட்டம் போட்டார். காய்கறி வண்டிக்காரருக்கு முகக்கவசம் கட்டும் விதம் சொன்னார். மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிவிடச் சொன்னார். வாசல் கேட்டைத் தொட்டால் சோப்பு, தபால் வந்தால் சோப்பு. கம்பெனி மூடிவிட்டதே, இனி நிம்மதி என்று நான் நினைத்தது வீண். தெருவே அவருக்குக் கம்பெனி ஆகிவிட்டது. நான் மாடியில் நின்று பக்கத்து மாடிப் பெண்ணிடம் பேசினால்கூட, கீழேயிருந்து "தூரமா நின்னு பேசுங்கம்மா" என்று குரல் வரும்.

அப்புறம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இருவருக்குத் தொற்று என்று வந்தது. அவர்களை வண்டியில் ஏற்றிப்போனார்கள். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் தெருவின் இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டை நட்டு ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள், கல்யாணப் பந்தல் போடுகிற அதே ஆட்கள். சந்து இல்லை, இடுக்கு இல்லை. பாலும் காயும் தகரத்துக்கு மேலே கயிற்றில் இறங்கும் என்றார்கள், இறங்கியது. எல்லார் நன்மைக்கும்தான் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். தெரு தலையாட்டியது. பயமும் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் அப்போதே டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. செவ்வாய், வெள்ளி, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. அப்பா அம்மா இல்லாத வீடு, நானும் அவனும்தான். தகரம் அடிக்கும்போதே போய்ச் சொன்னேன். போன் நம்பர் கொடுத்தார்கள், கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும், வந்ததும் தகரத்தைக் கழற்றி விடுவோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் அதன் இன்ஜின் ஓடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கழற்றுகிற ஆட்கள் வேறொரு தெருவுக்குத் தகரம் அடிக்கப் போயிருந்தார்கள். ஆணி பிடுங்க யாரிடமும் ஒன்றும் இல்லை. காவலுக்கு நின்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் இளைஞர், பாவம், கையாலேயே இழுத்துப் பார்த்தார். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. அந்த இன்ஜின் சத்தம் தேய்ந்து போனதைக் கேட்டுக்கொண்டு நானும் தம்பியும் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

சனி, ஞாயிறு முழுக்கப் போன் செய்தேன். பெயர் எழுதிக்கொண்டார்கள், அனுமதி வரும் என்றார்கள். எந்தச் சட்டத்துக்கும் எளிதில் வளையாத நான், போனில் முகம் தெரியாத ஆட்களிடம் "ஐயா, ஐயா" என்று கெஞ்சினேன். திங்கட்கிழமை காலை தம்பியின் கால் வீங்கி மினுமினுத்தது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "அக்கா, யாரையும் திட்டாத" என்றான். நான் ஓடிப்போய்த் தகரத்தை உள்ளங்கையால் அடித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து போலீஸ்காரர், "நானும் காலையிலேர்ந்து போன் பண்ணிட்டுத்தான்கா இருக்கேன்" என்றார். மறுபடி அடித்தேன். அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். சொல்தா வீட்டுக் கதவு அப்போதுதான் திறந்தது. அவருக்கும் அது பழகிய சத்தமாக இருந்திருக்க வேண்டும்.

முகக்கவசம், அதற்கு மேல் கம்பெனிக் கண்ணாடித் திரை, தோல் கையுறை, காலில் இரும்பு முனை வைத்த ஷூ. கையில் தகரம் வெட்டும் கத்தரியும் ஒரு பையும். வேறு யார் வந்திருந்தாலும் வெறும் கையோடு வந்திருப்பார்கள். என்னைப் பார்த்து, "தூரமா நில்லும்மா, சிலும்பு தெறிக்கும்" என்றார். பிறகு தகரத்துக்கு அந்தப் பக்கம் பேசினார்.

"தம்பி, நான் இதுல ஒரு கதவு வைக்கப் போறேன்."

"சார், வேணாம் சார். கேஸ் ஆயிடும்."

"ஆவட்டும். மேல போன் பண்ணிச் சொல்லிடுங்க. அப்படியே ஆம்புலன்சுக்கும் பண்ணுங்க. முடிக்கக் கொஞ்ச நேரம் ஆவும்."

பட்டப்பகலில், எல்லா மாடியிலும் ஆட்கள் நிற்க, அவர் வெட்டினார். அவசரப்படவில்லை. ஆள் நுழையும் அளவுக்கு வெட்டி, விளிம்பை மடக்கித் தட்டி, பையிலிருந்து கீல் எடுத்துச் சவுக்குக் கட்டையில் திருகினார். கடைசியாகத் தாழ்ப்பாள். அதை உள்பக்கம், எங்கள் பக்கம் வைத்தார். சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார், மறுபடி சாத்தினார். ஆம்புலன்ஸ் வந்தபோது கதவைத் திறந்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக நடந்து போனான். அன்றைக்கு அவன் போகாமல் இருந்திருந்தால் மறுநாளைக்கு என்னிடம் தம்பி இல்லை. டாக்டர் அதை என்னிடம் நேராகவே சொன்னார்.

மத்தியானம் ஜீப்பில் அதிகாரி ஒருவர் வந்ததை நான் பார்க்கவில்லை, பக்கத்து மாடிப் பெண் அப்படியே நடித்துக் காட்டினாள். ஒருத்தருக்காக ஊர் உயிரைப் பணயம் வைப்பீர்களா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அது ஒன்றும் முட்டாள்தனமான கேள்வி இல்லை. சேஃப்டி, "தகரத்த எடுங்கன்னு நான் சொல்லவே இல்ல சார். வேணும்னா இன்னொரு வரிசை அடிங்க. உள்ள இருக்கறவன் வெளிய வர்ற வழி அவன் கையில இருக்கணும்" என்றாராம். சரி, கதவு இருக்கட்டும், வெளியே பூட்டுப் போட்டுச் சாவியைப் போலீஸ்காரரிடம் வைக்கலாம் என்று அதிகாரி இறங்கி வந்திருக்கிறார். "அவரு டீ குடிக்கப் போனா?" என்று கேட்டிருக்கிறார் இவர். அதிகாரிக்கு அது திமிராகப் பட்டிருக்கும். வழக்குப் பதிவு செய்தார்கள். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொல்லியனுப்பினார்கள். வெட்டியது உண்மை, வருத்தம் இல்லை என்று இவர் சொல்லியனுப்பினார். வாழ்நாளில் சிவப்பு விளக்கைத் தாண்டாத மனிதர் மேல் வழக்கு. ஆனால் கதவை யாரும் அடைக்கவில்லை. அந்தப் போலீஸ்காரர் அதன் அந்தப் பக்கம் நாற்காலி போட்டார், சேஃப்டி இந்தப் பக்கம் நாற்காலி போட்டார்.

கதவு வந்தால் ஆளுக்கொரு அவசரமும் வந்துவிடும், தெருவென்றால் அப்படித்தான். ஒருவருக்குச் சிகரெட், ஒருவருக்கு எங்கேயோ ரகசியமாக விற்கும் பாட்டில், ஒருவருக்கு வேறு தெருவில் இருக்கும் மாமியாரிடம் சண்டை பாக்கி. ஒருத்தரையும் அவர் விடவில்லை. ஆஸ்பத்திரி, பிரசவம், சாவு, இவற்றுக்கு மட்டும் எழுந்து வழிவிட்டார். நானே ஒரு நாள் கூடையோடு போனேன். வாய்க்கால் ஓரம் ஒரு அம்மா வஞ்சிரம் விற்பதாகச் செய்தி வந்திருந்தது.

"எங்கம்மா?"

"மீன் வாங்கியாந்துடறேன் சார். அஞ்சு நிமிஷம்."

"இந்தக் கதவு உன் தம்பிக்கு வச்சது. மீனுக்கு இல்ல."

"தாழ்ப்பா உள்பக்கம் இருக்குன்னா எங்க இஷ்டத்துக்குத் தொறக்கலாம்னுதான சார் அர்த்தம்?"

"தொற. நான் கையப் புடிக்கல. உன் தம்பி நாளைக்கு ஆஸ்பத்திரியில அத்தன பேருக்கு நடுவுல படுக்கப் போறான், அத மட்டும் நெனச்சுக்க."

அவர் சொன்ன மாதிரியே கையைப் பிடிக்கவில்லை, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை. நான் தாழ்ப்பாளில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். திட்டிக்கொண்டே திரும்பி வந்து ரசம் வைத்தேன். அந்த வஞ்சிரம் என் கண்ணிலேயே நின்றது, அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கதவு வைத்த பிறகு தெருக்கோடியில் ஒரு பெரியவருக்குத் தொற்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு அந்தக் கதவு வழியாகத்தான் போனார், திரும்பி வரவில்லை. அவருடைய மகன் சொல்தா வீட்டு வாசலில் நின்று, "உங்க கதவு வழியாத்தான் சார் வந்துச்சு" என்று சொல்லி அழுதார். சேஃப்டி தலை குனிந்து கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பால் பாக்கெட்டும் காயும் தகரத்துக்கு மேலே வந்துகொண்டுதானே இருந்தன, நோய்க்குக் கதவா வேண்டும், அந்த மகனிடம் சொல்ல வேண்டியதுதானே என்று பின்னால் சேஃப்டியிடம் கேட்டேன். "வந்திருக்கலாம்மா. வரலன்னு நான் எதை வச்சு சொல்றது?" என்றார். மறுநாளும் அதே நாற்காலியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கதவை எடுத்துவிடுவார் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் முகம் வற்றிப்போயிருந்தது, தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அடைப்பு நாட்கள் முடிந்து தகரத்தைப் பிரித்தபோது, பந்தல்காரர் வெட்டுப்பட்ட தகரம் உதவாது என்று கதவை ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். வழக்கு கொஞ்ச காலம் இழுத்து, அந்தக் காலத்து மற்ற வழக்குகளோடு சேர்ந்து கைவிடப்பட்டது. சேஃப்டிக்கு அதில் வருத்தம்தான், நீதிபதியிடம் சொல்ல நிறைய வைத்திருந்தார். போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். படுக்கையில் ஹெல்மெட் போட வேண்டும் என்று சட்டம் இல்லாததால் அசந்துவிட்டார் என்று அவர் மனைவியிடம் நானே சொன்னேன். அந்த அம்மா அழுகையோடு சிரித்தார்கள்.

இப்போது இரண்டு தரப்பாரும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறார்கள். என் உடம்பு என் இஷ்டம் என்று இருமிக்கொண்டே கூட்டத்துக்குள் வருகிறவரைப் பார்த்தால் வளையலைக் கழற்றச் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு ஆணி அடிக்கிறவரைப் பார்த்தால் கத்தரி தேடத் தோன்றுகிறது. எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் நான் கேட்பது ஒன்றைத்தான், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று. சமீபத்தில் கம்பெனிக்கு வந்த புது மேனேஜர், பின்கதவுக்கு மறுபடியும் பூட்டுப் போட்டார். பெட்டி காணவில்லையாம். கேமரா என்ன ஆயிற்று என்று கேட்டேன், ரிப்பேராம். இப்போது நான் அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர். பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். "சாவி எங்கிட்டயேதாம்மா இருக்கும், வேற யார்கிட்டயும் தர மாட்டேன்" என்றார் மேனேஜர். "நீங்க டீ குடிக்கவே மாட்டீங்களா சார்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. புரிகிற வரைக்கும் வெயிலில் நின்றோம். மத்தியான ஷிப்டுக்கு முன்னால் பூட்டு போனது, கூடவே நின்று வளையத்தையும் அறுக்க வைத்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, தம்பி கோரிமேட்டிலிருந்து வந்து களைத்துப்போய் மாடியில் படுத்திருந்தான். கடல் காற்று எழும்பும் நேரம். மேலே தகரக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. எழுந்திருக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு அவன் கத்தினான்.

"அக்கா, கதவு மாட்டிக்கிச்சு. வந்து தொற."

"தாழ்ப்பா உன் பக்கம்தான்டா இருக்கு" என்றேன். "தொறந்துக்கிட்டு வா, காபி ஆறுது."